சைலேஜுக்கு உறை ஊற்றுவது: எந்த பாக்டீரியா, எப்போது, எப்படி

சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் குழியில் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனத்துக்கு, முதல்முறை நுண்ணுயிர் பாக்கெட் வாங்கிப் போட்ட வருடம், குழியைத் திறந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மக்காச்சோளத் தட்டு வெளிர்மஞ்சளும் பச்சையுமாக, நறுக்கியபோது இருந்த வடிவம் குலையாமல் இருந்தது. புளிப்பைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 3.8 (எண் குறையக் குறைய புளிப்பு அதிகம்). என் மாமியார் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, "இது தேறும்" என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

நான்காம் நாள் காலையில் குழியின் முகப்பில், அதாவது தீவனம் எடுக்கும் வெட்டுப் பக்கத்தில், விரல்களை நுழைத்தேன். சுட்டது. ஒரு வாரத்தில் மாடுகள் தொட்டியில் போட்டதில் பாதியை மூக்கால் தள்ளிவிட்டன. அதற்கு முந்தைய வருடம் எந்தப் பாக்கெட்டும் போடாமல் மூடிய குழி இவ்வளவு சீக்கிரம் சூடாகவில்லை. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

ஏமாற்றிவிட்டார்கள் என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். யாரும் ஏமாற்றவில்லை. அந்தப் பாக்கெட்டில் இருந்த பாக்டீரியா தனக்கு உரிய வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. எனக்குத் தேவைப்பட்டதோ வேறு வேலை. பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குழிக்குள் நடக்கும் பந்தயம்

வெட்டிய தீவனம் உடனே செத்துப்போவதில்லை. நறுக்கிக் குழியில் போட்ட பிறகும் அது மூச்சு விடுகிறது. இடுக்கில் சிக்கிய காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து, தன் சர்க்கரையை எரித்து, சூடாகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் தலை தூக்குகின்றன. இவை எங்கிருந்தோ வருவதில்லை. இலையிலும் தண்டிலும் வயலிலேயே ஒட்டிக்கொண்டிருப்பவை: கொஞ்சம் லாக்டிக் அமில பாக்டீரியா, நிறைய குடல்வகை பாக்டீரியா, மண்ணோடு ஒட்டி வந்த கிளாஸ்ட்ரிடியம் என்ற கெடுக்கும் பாக்டீரியாவின் வித்துகள், ஈஸ்ட், பூஞ்சணம். எல்லாவற்றுக்கும் சாப்பாடு தீவனத்தில் இருக்கும் அதே சர்க்கரைதான்.

லாக்டிக் கூட்டம் முந்திக்கொண்டால் பிஎச் சில நாட்களில் 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். கெடுக்கும் பாக்டீரியாக்கள் அடங்கிவிடும். அது பிந்தினால், அதுவும் தீவனம் ஈரமாக இருந்தால், கிளாஸ்ட்ரிடியம் கிளம்பும். உருவான லாக்டிக் அமிலத்தையே தின்று பியூட்ரிக் அமிலமாக மாற்றும். ஊசிப்போன வெண்ணெய் மாதிரி, கழுவாத காலுறை மாதிரி ஒரு நாற்றம் வருமே, அது இதுதான். புரதமும் சிதைந்து அம்மோனியாவாகப் போய்விடும்.

பின்லாந்து வேதியியலாளர் ஆர்த்துரி இல்மாரி விர்த்தானென் இந்தப் பந்தயமே வேண்டாம் என்று நினைத்தவர். பசுந்தீவனத்தின் மேல் நீர்த்த அமிலத்தை நேரடியாக ஊற்றி, பிஎச்சை 4-க்குக் கீழே கொண்டுபோனால் அது கெடாமல் நிற்கும் என்று காட்டினார். 1945-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்ததில் இந்தப் பதனமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அமிலம் கையைப் பொசுக்கும், இரும்பைத் தின்னும். பாக்கெட் போடுகிறவர்கள் அமிலத்தை ஊற்றுவதில்லை. அமிலம் தயாரிக்கிறவர்களைக் கூட்டமாகக் குடியேற்றுகிறோம். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே கணக்கு.

இரண்டு வகை வேலைக்காரர்கள்

முதல் வகை, ஒரு குளுக்கோஸை இரண்டு லாக்டிக் அமிலமாகப் பிளப்பவை. நடுவில் எதுவும் வீணாவதில்லை. புளிப்பு வேகமாக ஏறும், சத்து அதிகம் கரையாது. பாக்கெட்டில் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரம், பீடியோகாக்கஸ் அசிடிலாக்டிசி, பீடியோகாக்கஸ் பென்டோசேசியஸ், என்டரோகாக்கஸ் ஃபீசியம் என்ற பெயர்கள் இருந்தால் அது இந்த வகை.

இரண்டாவது வகையின் நாயகன் லாக்டோபாசில்லஸ் புக்னெரி. இது லாக்டிக் அமிலத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. முதல் வகை வேலை முடித்து ஓய்ந்த பிறகு, இருக்கிற லாக்டிக் அமிலத்தில் ஒரு பகுதியை எடுத்து அசிட்டிக் அமிலமாகவும் புரொப்பேன்டையால் என்ற பொருளாகவும் மாற்றுகிறது. கொஞ்சம் கரியமில வாயுவாகப் போவதால் சத்தில் சிறு இழப்பு உண்டு. அந்த அசிட்டிக் அமிலம்தான் ஈஸ்டுக்கும் பூஞ்சணத்துக்கும் ஆகாதது. ஒன்று மட்டும் கவனம்: புக்னெரி நிதானமான ஆள். மூடி 45 முதல் 60 நாளாவது ஆன பிறகுதான் அதன் பலன் தெரியும். மூன்று வாரத்தில் திறந்தால் பாக்கெட் போட்டதும் போடாததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

(2020-ல் லாக்டோபாசில்லஸ் என்ற பெரிய பேரினத்தை 25 ஆகப் பிரித்து மறுபெயர் சூட்டிவிட்டார்கள். அதனால் புதிய பாக்கெட்டுகளில் லாக்டிபிளாண்டிபாசில்லஸ் பிளாண்டாரம், லெண்டிலாக்டோபாசில்லஸ் புக்னெரி என்று இருக்கலாம். ஆள் அதே ஆள்தான்.)

இப்போது என் முதல் வருடக் குழிக்கு வருவோம். அதில் நான் போட்டது முழுக்க முதல் வகை. புளிப்பு அருமையாக ஏறியது. ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே லாக்டிக் அமிலம். குழியைத் திறந்து காற்றுப் பட்டதும் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. சில ஈஸ்ட் வகைகளுக்கு லாக்டிக் அமிலமே சாப்பாடு. அவை அமிலத்தைத் தின்னத் தின்ன பிஎச் ஏறியது, சூடு கிளம்பியது, பின்னாலேயே பூஞ்சணம் வந்தது. அதற்கு முந்தைய வருடம் பாக்கெட் போடாத குழியில் வயல் பாக்டீரியாக்கள் அரைகுறையாகப் புளிக்கவைத்ததில் அசிட்டிக் அமிலமும் கலந்திருந்தது. அது தன்னை அறியாமல் காவல் காத்திருக்கிறது. சுத்தமான புளிப்பு, திறந்த பிறகு சீக்கிரம் கெடும் புளிப்பாகவும் இருக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆகவே பாக்கெட் வாங்கும்முன் உங்களிடமே கேட்டுக்கொள்ள வேண்டியது: என் சைலேஜ் மூடியிருக்கும்போது கெடுகிறதா, திறந்த பிறகு கெடுகிறதா? புல், குதிரைமசால், தட்டைப்பயறு போன்றவை மூடியிருக்கும்போது கெடுகிற ரகம். சர்க்கரை குறைவு, பயறுவகையில் பிஎச்சை இறங்கவிடாமல் பிடித்து வைக்கும் தன்மையும் அதிகம். அங்கே முதல் வகைதான் வேண்டும். மக்காச்சோளமும் சோளமும் சரியான பதத்தில் வெட்டினால் பெரும்பாலும் தாமாகவே புளித்துக்கொள்ளும். அவை திறந்த பிறகு கெடுகிற ரகம். அங்கே புக்னெரி, அல்லது இரண்டும் கலந்த பாக்கெட். முழுக் கரும்பை நறுக்கிப் போடுகிறவர்களுக்கு ஈஸ்ட் மூடிய குழிக்குள்ளேயே சாராயம் காய்ச்சிவிடும், அவர்களுக்கும் புக்னெரிதான்.

பாக்கெட்டுக்கு முன்னால் ஒரு கணக்கு

என் குழி 5 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம். நன்றாக மிதித்து இறுக்கினால் ஒரு கன மீட்டருக்கு 650 கிலோ பிடிக்கும். ஒன்பது மாடு, ஆளுக்கு 17 கிலோ என்றால் நாளைக்குச் சுமார் 150 கிலோ எடுப்பேன். முகப்பு 3 சதுர மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளைக்கு 8 சென்டிமீட்டர்கூட முகப்பு நகராது. வெயில் காலத்தில் 30, குளிர் காலத்தில் 15 சென்டிமீட்டராவது தினமும் எடுக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. காற்று முகப்பைத் தாண்டி உள்ளே போகும் வேகத்தைவிட நான் எடுக்கும் வேகம் குறைவு. எந்தப் பாக்கெட்டும் இதைச் சரிசெய்யாது.

பிறகு குழியின் நடுவில் நீளவாக்கில் ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தேன். ஒரு சமயம் ஒரு பக்கம் மட்டும் திறப்பேன். முகப்பு பாதியானதால் நாளைக்கு 16 சென்டிமீட்டர் நகர்கிறது. மீதிக் குறையை புக்னெரி பார்த்துக்கொள்கிறது. சுவரா பாக்டீரியாவா, எது அதிகம் உதவியது என்று கேட்டால் சுவர் என்றுதான் சொல்வேன். மூன்று நான்கு மாடு மட்டும் வைத்திருப்பவர்கள் குழியே வேண்டாம் என்று பைகளுக்குப் போவது நல்லது. ஒரு பையைத் திறந்தால் இரண்டு நாளில் காலியாகிவிடும்.

வெட்டும் பதம்

நல்ல சைலேஜுக்கு உலர்பொருள் 30 முதல் 35 சதவீதம் வரை இருக்க வேண்டும், மீதி ஈரம். மக்காச்சோளத்தில் மணியை உடைத்துப் பார்த்தால் பாலும் மாவும் பிரியும் கோடு தெரியும். அது மணியின் பாதியைத் தாண்டும்போது வெட்டலாம். புல்லுக்கு அந்த வசதி இல்லை. கையால்தான் பார்க்க வேண்டும்.

நறுக்கிய தீவனத்தை ஒரு கை நிறைய எடுத்து அரை நிமிடத்துக்கு மேல் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறங்கள். விரலிடுக்கில் சாறு வடிந்தால் உலர்பொருள் 25-க்கும் கீழே. வெட்டிய புல்லை இன்னும் வாடவிட வேண்டும். சாறு வடியாமல், உருண்டை அப்படியே நின்று கை மட்டும் ஈரமானால் 25-க்கும் 30-க்கும் இடையே. உருண்டை மெல்ல மெல்ல விரிந்தால் அதுதான் பதம். திறந்த உடனே உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. இறுகாது, உள்ளே காற்று நிற்கும். நேப்பியர் மாதிரியான புல் வெட்டிய உடனே நிச்சயம் வடியும். அதைக் காலையில் வெட்டிப் பரப்பி, வாடியபின் நறுக்குகிறேன். வாடும்போது மண்ணில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாஸ்ட்ரிடியம் வித்து மண்ணில்தான் இருக்கிறது.

பாக்டீரியா செய்யாத வேலைகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாத சர்க்கரையை அது உண்டாக்காது. பயறுவகை, முற்றிய புல் என்றால் டன்னுக்கு 20 முதல் 30 கிலோ வரை சர்க்கரை ஆலைப் பாகு சேர்த்தால்தான் அதற்குச் சாப்பாடு இருக்கும். சொட்டச் சொட்ட ஈரமான தீவனத்தைக் காப்பாற்றாது. வெட்டி இரண்டு நாள் குவியலாகக் கிடந்து சூடேறிய தீவனத்தையும் காப்பாற்றாது. சரியாக இறுக்காத குழிக்குப் பரிகாரமும் அது இல்லை.

பாக்கெட்டைப் படிப்பது

பின்பக்கம் எத்தனை உயிருள்ள செல்கள் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்" என்று மட்டும் போட்டு எண்ணிக்கை இல்லாவிட்டால் நான் திரும்ப வைத்துவிடுவேன். முதல் வகைக்கு ஒரு கிராம் பச்சைத் தீவனத்துக்குக் குறைந்தது 1 லட்சம் செல் போய்ச் சேர வேண்டும். ஒரு டன்னுக்கு 10,000 கோடி. பாக்கெட்டில் கிராமுக்கு 10,000 கோடி என்று இருந்தால் ஒரு டன்னுக்கு ஒரே ஒரு கிராம் தூள் போதும். மக்காச்சோளத்துக்கு புக்னெரி என்றால் கிராமுக்கு 4 லட்சம் என்ற அளவு பெயர் பெற்றது; டன்னுக்கு 40,000 கோடி. எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். எதிரிகளும் இதே கணக்கில்தான் இருக்கிறார்கள். பாதிப் பாக்கெட்டை இரண்டு மடங்கு தீவனத்துக்கு இழுத்தால், வயல் பாக்டீரியாவே முந்திக்கொள்ளும். போட்டது போட்ட இடம் தெரியாது.

காலாவதி தேதியைவிட அது எங்கே இருந்தது என்பது முக்கியம். உள்ளே இருப்பது உறைய வைத்து உலர்த்திய, தூங்கும் உயிர். வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாக்கெட்டில் தூள் இருக்கும், உயிர் இருக்காது. வாங்கியதும் குளிர்சாதனப் பெட்டி. வயலுக்குக் கொண்டுபோகும்போதும் குளிர்ந்த பெட்டியில்தான்.

கரைப்பதும் தெளிப்பதும்

இங்கேதான் நான் இரண்டாவது முறை சறுக்கினேன். பத்து டன்னுக்கான தூளைக் காலை ஆறு மணிக்கே 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, கறுப்பு டிரம் ஒன்றில் வெயிலில் வைத்துவிட்டேன். மதியம் கையை விட்டால் குளிக்கிற வெந்நீர்ப் பதம். கரைசல் 35 டிகிரியைத் தாண்டினாலே பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். மதியத்துக்கு மேல் நான் தெளித்தது வெறும் தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

இப்போது ஒரு மணி நேரத்துக்குத் தேவையானதை மட்டும் கரைக்கிறேன். டன்னுக்கு 2 லிட்டர் தண்ணீர் எனக்குச் சரியாக வருகிறது. தீவனம் கொஞ்சம் காய்ந்திருந்தால் 4 லிட்டர்கூட. முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் தூளைக் கட்டியில்லாமல் கலக்கி, பிறகு கேனில் ஊற்றிக் குலுக்குவேன். கட்டி இருந்தால் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்ளும். கேன் நிழலில், நனைத்த சாக்குக்குள். மிஞ்சியதை அடுத்த நாளுக்கு வைக்க வேண்டாம்.

தண்ணீர் கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ என்றால் பிரச்சினை இல்லை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், நம் கிருமியையும் அது விட்டுவைக்காது. அகலமான பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்தால் சாதாரணக் குளோரின் பெரும்பாலும் போய்விடும். தெளிப்பானைப் பற்றி ஒரு கண்டிப்பு: களைக்கொல்லி, பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். மாடு தின்னப்போவதன் மேல் தெளிக்கிறோம். சைலேஜுக்கென்று தனியாக ஒரு சின்னத் தெளிப்பான் வைத்து, அதன் மேல் பெயிண்டால் மாடு படம் போட்டிருக்கிறேன். என் மகள் வரைந்தது, பார்க்க ஆடு மாதிரி இருக்கும், பரவாயில்லை.

எங்கே தெளிப்பது? பாக்டீரியாவுக்குக் காலில்லை. விழுந்த துளியைச் சுற்றியே அது பெருகும். ஓர் அடி தள்ளியிருக்கும் தீவனத்துக்குப் போகாது. அதனால் தீவனம் நறுக்கும் மிஷினின் வாயிலிருந்து பறந்து விழும்போதே அதன் மேல் தெளிப்பதுதான் சிறந்தது; காற்றில் புரளும்போது எல்லாப் பக்கமும் படும். ஒருவர் தட்டை ஊட்ட, ஒருவர் தெளிக்க என்று இரண்டு பேர் வேண்டும். அது முடியாவிட்டால் குழியில் அரையடி அடுக்குக்கு ஒருமுறை தெளித்து, முள்கரண்டியால் புரட்டிவிட்டு மிதியுங்கள். கடைசியில் மேலே மொத்தமாக ஊற்றுவது தண்டம்.

நறுக்கும் நீளம் 1 முதல் 2 சென்டிமீட்டர். மிதிப்பதைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், எல்லாரும் பாதியில் களைத்துப்போவார்கள். எங்கள் குழியில் ஓரங்களை என் மாமியார் தன் காலாலேயே சுற்றிச் சுற்றி மிதிப்பார். சுவரோரம்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும் என்பது அவர் கண்டு வைத்தது, உண்மையும் அதுதான். ஒரே நாளில் நிரப்பி அன்றே மூடிவிட வேண்டும். மூடிய பிளாஸ்டிக் தாள் மேல் இடைவெளி இல்லாமல் பாரம். எலி ஓட்டை போட்டால் அன்றைக்கே ஒட்டுத்துணி. வெட்டும்போது எலி, பாம்பு ஏதாவது அடிபட்டு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த உடலைச் சுற்றி உருவாகும் பாட்டுலிசம் நஞ்சு மாட்டை நேரடியாகச் சாய்த்துவிடும். அதைத் தடுக்கும் பாக்கெட் எதுவும் கிடையாது.

மூடிய முதல் மூன்று வாரம் குழிக்கு அருகில், குறிப்பாகப் பள்ளத்தில், மஞ்சள்பழுப்பு நிறத்தில் புகை தெரிந்தாலோ, பிளீச்சிங் பவுடர் நெடி அடித்தாலோ தள்ளிப் போய்விடுங்கள். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. காற்றைவிடக் கனமானது, நுரையீரலைப் பொசுக்கும். வறட்சியில் வாடி நின்று பிறகு மழை கண்ட பயிரில் அதிகம் வரும். நிறமும் நெடியும் இல்லாத கரியமில வாயுவும் பள்ளத்தில் தேங்கும். ஆழமான குழிக்குள் தனியாக இறங்கவே வேண்டாம்.

வீட்டிலேயே தயாரிக்கலாமா?

தயிர், மோர் தெளித்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். தயிரில் இருப்பதும் லாக்டிக் பாக்டீரியாதான், ஆனால் பாலில் பிழைக்கப் பழகியவை. தட்டின் சர்க்கரையில், குழியின் புளிப்பில் அவை தாக்குப்பிடிக்கும் என்று நம்பிப் பத்து டன்னைப் பணயம் வைக்க நான் தயாரில்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. நீங்கள் வெட்டப்போகும் பயிரிலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியாவை முன்கூட்டிப் பெருக்கிக்கொள்வது. அறுவடைக்கு இரண்டு நாள் முன்னால், அதே வயலிலிருந்து 200 கிராம் பச்சைத் தீவனத்தைக் கழுவாமல் எடுத்து, குளோரின் இல்லாத 1 லிட்டர் தண்ணீரோடு அரைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். 20 கிராம் சர்க்கரையைக் கரைத்து, பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். வாயு வெளியேற மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். 30 டிகிரி வாக்கில் இரண்டு நாள். நல்ல புளிப்பு வாசனையும் 4-ஐ ஒட்டிய பிஎச்சும் வந்தால் தயார். நாற்றமடித்தாலோ மேலே ஆடை படிந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு டன்னுக்கு 10 லிட்டர் என்ற அளவில் தெளிக்கலாம். புல்லுக்கும் குதிரைமசாலுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் இதில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. ஈஸ்டும் கூடவே பெருகியிருக்கலாம். திறந்த பிறகு சூடாகிற தொல்லைக்கு இது மருந்தில்லை.

திறந்த பிறகு

மூக்கு நல்ல கருவி, ஆனால் சில இடங்களில் ஏமாற்றும். இதமான புளிப்பு வாசனை நல்லது. மூக்கைக் குத்தும் வினிகர் நெடி அசிட்டிக் அமிலம். புக்னெரி போட்ட குழியில் அது ஓரளவு இருக்கத்தான் செய்யும். சாராய வாசனை ஈஸ்ட். ஊசிய வெண்ணெய் வாசனையைப் பற்றி முன்பே சொன்னேன். ஏமாற்றுவது, கருகிய சர்க்கரையும் புகையிலையும் கலந்த மாதிரி வரும் இனிய வாசனைதான். தீவனம் பழுப்பாகியிருக்கும், மாடுகள் ஆசையாகத் தின்னும். உள்ளே அதிகச் சூடேறி, புரதம் சர்க்கரையோடு பிணைந்து, செரிக்காத பொருளாகிவிட்டதன் அடையாளம் அது. மாடு விரும்புகிறதே என்று அதை நல்ல சைலேஜ் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு.

பூஞ்சணம் பிடித்த பகுதியை எடுத்து எறியுங்கள். நல்லதோடு கலந்து "கொஞ்சம்தானே" என்று கொடுக்காதீர்கள். செம்மறியாடு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சரியாகப் புளிக்காத, பிஎச் 5-க்கு மேல் நிற்கும் சைலேஜில் லிஸ்டீரியா என்ற நோய்க் கிருமி வளரும். செம்மறிக்கு அது மூளை வரை போகும். முதல்முறை கொடுக்கும்போது ஒரு வாரம் பத்து நாளில் மெல்ல மெல்ல அளவைக் கூட்டுங்கள். பால் கறந்த பிறகு கொடுத்தால் பாலில் வாசனை ஏறாது.

பாக்கெட் உண்மையிலேயே வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, ஒரே நாளில் வெட்டிய ஒரே தீவனத்தில் பாக்கெட் போட்டது ஒரு பை, போடாதது ஒரு பை என்று சம எடையில் இறுக்கிக் கட்டி வைப்பதுதான். போடாத பையில் அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு சரியாக வராது. 60 நாள் கழித்து இரண்டையும் திறந்து, தளர்த்தி, நிழலில் வைத்து, நடுவில் ஆளுக்கொரு வெப்பமானியைச் செருகுங்கள். வெளிக்காற்றைவிட 2 டிகிரி எப்போது ஏறுகிறதோ அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சிக்காரர்களும் இந்த 2 டிகிரியைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

போன வருடம் நான் புக்னெரியை இப்படித்தான் சோதித்தேன். திறந்த அன்று இரண்டு பைகளையும் எது எது என்று சொல்லாமல் மாமியாரிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, பாக்கெட் போடாததைக் காட்டி, "இதுதான் நல்லா இருக்கு, அது மூக்கைக் குத்துது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலையிலேயே அவர் தேர்ந்தெடுத்த பையில் வெப்பமானி ஏற ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மறுபடி முகரச் சொன்னேன். ஒரு வார்த்தையும் பேசாமல் மூக்கைக் குத்திய பையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விட்டார்.